கை படாத வித்தை

பிளாக்பூலில் பாதிப் பேரை ஒருமுறையாவது ஃபெயில் ஆக்கியவர் என்று கிளிஃபர்ட் டாட்டர்சாலுக்கு ஒரு பெயர் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் கார் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு நடத்தியவர். பக்கத்து இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்து, பாதையையே பார்த்துக்கொண்டு, கடைசியில் “மன்னிக்கணும், இந்தத் தடவை இல்லை” என்று சொல்லும் அவர் குரல் அந்தக் கடற்கரை ஊரில் பலருக்குக் கனவில்கூட வரும். கடையில் ரொட்டி வாங்கப் போனால் கல்லாவில் இருக்கும் பெண் மிச்சச் சில்லறையைக் கொஞ்சம் வேகமாகவே மேசைமேல் வைப்பாள்.

ஓய்வுக்குப் பிறகும் மனிதர் மதிப்பெண் போடுவதை விடவில்லை. ஊரின் மாயவித்தைக்காரர் சங்கம் மாதாமாதம் ஒரு சின்னப் பத்திரிகை நடத்தியது. அதன் கடைசிப் பக்கம் அவருடையது. கடைகளில் விற்கும் புதுப் புது வித்தைகளைச் சொந்தக் காசில் வாங்கி, கொடுத்த பணத்துக்குத் தகுமா தகாதா என்று எழுதுவார். ஐந்து நட்சத்திரம் வரை போடலாம். அவர் கையிலிருந்து மூன்றுக்கு மேல் யாரும் வாங்கியதில்லை. பிப்ரவரியில் நடக்கும் மாநாட்டுக்கு உலகமெங்குமிருந்து வித்தைக்காரர்கள் வந்து குவியும்போது, விற்பனைக் கூடத்தில் அவர் தலை தெரிந்தாலே சிலர் தங்கள் மேசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த வருடம் கூடத்தின் கோடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், ஒரு மடக்கு மேசை. அதன் பின்னால் நின்ற பெண் அவரைப் பார்த்ததும் பதறவில்லை. சிரித்தாள்.

“வாங்க மிஸ்டர் டாட்டர்சால். என்னைத் தெரியுதா?”

அவர் உற்றுப் பார்த்தார். கட்டையான முடி, மூக்கில் ஒரு வளையம். நினைவுக்கு வரவில்லை.

“கிர்ஸ்டி பாம்பர். பக்கத்து ஊரு, ஃப்ளீட்வுட். என்னை ரெண்டு தடவை ஃபெயில் போட்டீங்க. மூணாவது தடவை வேற ஆள் வந்தாரு, பாஸாயிட்டேன்.”

“எதுக்கு ஃபெயில் போட்டேன்?”

“முதல் தடவை கண்ணாடி பாக்கலன்னு. ரெண்டாவது தடவை கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருந்தேன்னு.” அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். “அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு முன்னால என்னோட முதல் வித்தைக்கு ஒத்த ஸ்டார் போட்டீங்க.”

“அது அவ்வளவுதான் தேறும்.”

“ஆமா. அத நானும் ஒத்துக்கிறேன்.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் மேசையில் அடுக்கியிருந்த சின்னப் பெட்டிகளில் ஒன்றை எடுத்து நீட்டினாள். மேலே ‘கூட்டாளி’ என்று அச்சிட்டிருந்தது.

“இது புதுசு. ரெண்டு பேர் வேணும். சீட்டுக்கட்ட ரெண்டாப் பிரிச்சு ஆளுக்குப் பாதி குடுத்துடணும். அதுக்கப்புறம் நீங்க தொடவே கூடாது. அவங்களே கலைச்சு, அவங்களே வெட்டி, ஆளுக்கு ஒண்ணு எடுப்பாங்க. திருப்பினா ரெண்டும் ஜோடியா இருக்கும். இவர் கையில சிவப்பு ஒன்பதுன்னா அவங்க கையிலயும் சிவப்பு ஒன்பது.”

சொன்னதோடு நில்லாமல், வழியோடு போன இருவரை நிறுத்திச் செய்தும் காட்டினாள். கிளிஃபர்ட் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள் இருந்தன. கடைசியில் இரண்டு கறுப்பு ராணிகள் வந்தன. நாற்பது வருடம் சீட்டோடு புழங்கியவருக்கு எப்படி என்று பிடிபடவில்லை. முப்பத்தைந்து பவுண்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

“ஒரே ஒரு விஷயம்” என்றாள் கிர்ஸ்டி. “சாப்பாட்டு மேசையில தனியா உக்காந்து மார்க் போடாதீங்க. வித்தை தெரியாத ரெண்டு பேருக்குச் செஞ்சு பாத்துட்டு, அப்புறம் என்ன வேணா எழுதுங்க.”

அவர் போய்ச் சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்தார்.

பெட்டிக்குள் ஒரு சீட்டுக்கட்டும் நான்காக மடித்த ஒரு தாளும் இருந்தன. வேறு எதுவும் இல்லை. தாளைப் படித்து முடிக்கத் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. சூட்சுமம் என்ன என்பதை இங்கே சொல்ல முடியாது. தொழிலில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அது ஒரே வரி. அதைப் படித்ததும் கிளிஃபர்டின் முகம், பெரிய பொட்டலத்தைப் பிரித்து உள்ளே காலுறையைக் கண்டவர் முகம்போல ஆயிற்று.

“இவ்வளவுதானா?” என்றார் உரக்க.

அடுப்பில் பட்டாணிக் கூழைக் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி லொரைன் திரும்பாமலே கேட்டாள். “எவ்வளவு?”

“முப்பத்தஞ்சு.”

“பொன்னா, வெள்ளியா?”

“ஒரு சீட்டுக்கட்டு. ஒரு தாளு. எழுத்தப் பாரு, எறும்பு ஊர்ற மாதிரி. இதுல வித்தைக்காரனுக்கு வேலையே இல்ல லொரைன். சும்மா நின்னு பேசணுமாம். இங்க பாரு என்ன எழுதியிருக்குன்னு. ‘அவர்கள் எதைத் தப்பாகச் செய்தாலும் திருத்தாதீர்கள். விட்டுவிடுங்கள்.’ இது ஒரு செய்முறையா? அப்படி விட்டிருந்தா இந்த ஊர்ல ஒரு சுவரு மிஞ்சியிருக்குமா?”

“அது காரு. இது சீட்டு.”

லொரைனுக்குச் சீட்டு வித்தை அலுத்துப் பல காலம் ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் ஓயாமல் “ஒரு சீட்டு எடு” என்று அவர் நீட்ட, அவளும் எடுத்து எடுத்து, ஒருநாள் போதும் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவர் நிலைக்கண்ணாடி முன்னால்தான் பழகுவார். விரல்களில் வாத வலி வந்து சீட்டு கொஞ்சம் தடுமாறத் தொடங்கியதும் சங்க மேடையில் ஏறுவதையும் நிறுத்திக்கொண்டார். இப்போது வாங்குவது, படிப்பது, கண்ணாடி முன்னால் ஒருமுறை செய்து பார்ப்பது, எழுதுவது என்று ஆகிவிட்டது.

ஆனால் இந்த வித்தையைக் கண்ணாடி முன்னால் செய்ய வழியில்லை. இரண்டு பேர் வேண்டும். அதனால் மறுநாள் பக்கத்து வீட்டு கிரகாமையும் அவர் மனைவி வெண்டியையும் தேநீருக்குக் கூப்பிட்டார்.

வித்தை தவறாமல் நடந்தது. ஆனால் அது நடந்த விதம்தான் சரியில்லை. “சீட்டைக் கவிழ்த்துப் பிடி. அப்படி இல்ல. கட்டைவிரல் மேல. வெண்டி, நான் சொல்றதுக்கு முன்னாடி ஏன் வெட்டினீங்க? சரி, மறுபடியும் ஆரம்பத்துலேர்ந்து.” கடைசியில் இரண்டு சீட்டும் டைமன் நான்கும் ஆட்டின் நான்குமாகத் திரும்பின. கிரகாம், “ஓ, நல்லாருக்கே” என்றார். வெண்டி கேக் இன்னும் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டாள்.

அவர்கள் போனதும் கிளிஃபர்ட் வெற்றி பெற்றவர்போலக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். “பாத்தியா? ரெண்டு ஸ்டார். அதுகூட அந்தப் பொண்ணு ஃப்ளீட்வுட்டுங்கிறதுக்காக.”

“பாவம் கிரகாம்” என்றாள் லொரைன் கோப்பைகளை எடுத்துக்கொண்டே. “காரைப் பின்னால எடுத்து நிறுத்தச் சொன்ன மாதிரி வேர்த்துப் போயிட்டாரு.”

“என்ன சொல்ற?”

“நீ அவங்களுக்கு வித்தை காட்டல கிளிஃப். பரீட்சை வச்ச.”

அவர் கணினி முன்னால் உட்கார்ந்து பாதிப் பக்கம் எழுதினார். ‘இந்த விலைக்கு ஒரு நல்ல மதியச் சாப்பாடு கிடைக்கும்’ என்று ஒரு வரி வந்தது. அது அவருக்கே பிடித்துப்போய், லொரைனுக்குக் கேட்கும்படி வாசித்தும் பார்த்தார். ஆனால் அனுப்பாமல் வைத்துவிட்டார். லொரைன் சொன்னது தொண்டையில் மீன் முள்போல நின்றது.

அந்த வாரம் லொரைனுக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி இருந்தது. விழிக்குப் பின்புறம் நீர் கோத்துக்கொண்டு, நேர் பார்வையில் ஒரு மங்கல் விழுந்திருந்தது. அதற்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். போன மாதம் முதல் ஊசி. இது இரண்டாவது. மரத்துப்போகும் மருந்து விட்டுத்தான் போடுவார்கள், பெரிய வலி இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், காலையிலிருந்து அவள் ஒரே கோப்பையை மூன்று முறை கழுவினாள். கிளம்பும்போது கிளிஃபர்ட் கோட்டை மாட்டினார். சீட்டுப் பெட்டி கிரகாம் வந்துபோன நாளிலிருந்து அதன் பையில்தான் கிடந்தது.

காத்திருக்கும் அறை நிரம்பி வழிந்தது. வெளியே கடற்காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கண் பாவையை விரிக்கிற சொட்டு மருந்து விட்டிருந்ததால், யாராலும் பத்திரிகை படிக்க முடியவில்லை, கைபேசி பார்க்க முடியவில்லை. சும்மா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு பயப்படத்தான் முடிந்தது. டாக்டர் ஓர் அவசர நோயாளியோடு இருக்கிறார், கொஞ்சம் தாமதமாகும் என்று நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

லொரைனுக்கு அடுத்த இருக்கையில் மலைபோல ஒரு மனிதர். லாரி ஓட்டுகிறவர், பெயர் டிரெவர். அதை அவரே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இது முதல் ஊசி.

“கண்ணுக்குள்ள ஊசியாம்ல. முழிச்சுக்கிட்டே இருக்கணுமாம்ல. யாருங்க கண்டுபிடிச்சது இத?” எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து ஜாக்கெட்டை எடுத்தார். “நான் அடுத்த வாரம் வரேன். இன்னிக்கி லாரியில சரக்கு இருக்கு.”

“உக்காருங்க” என்றாள் லொரைன். “நான் போன தடவை போட்டுக்கிட்டேன். பல் டாக்டரவிடச் சுலபம்.”

“எனக்குப் பல் டாக்டரும் பயம் தாயி.”

லொரைன் கணவன் பக்கம் சாய்ந்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. “கிளிஃப், இந்த ஆள் ஓடப்போறாரு. அவர் ஓடினா நானும் பின்னாலயே ஓடிடுவேன். அந்தச் சீட்டு எங்க?”

“இங்கயா? லொரைன், இவங்களுக்குக் கண்ணே தெரியல.”

“எடு.”

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவளே கேட்கிறாள். அவர் பெட்டியை எடுத்தார். கட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை டிரெவரின் அகன்ற உள்ளங்கையிலும் மறு பாதியை லொரைனின் மடியிலும் வைத்தார்.

“என்ன தலைவா இது?” என்றார் டிரெவர்.

“கலைங்க” என்றார் கிளிஃபர்ட். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், “எப்படி வேணா” என்றும் சேர்த்தார்.

டிரெவர் கலைத்த அழகில் பாதிச் சீட்டு தரையில் சிதறியது. ஒன்று சுழன்று போய் எதிர் வரிசையில் இருந்த வயதான பெண்ணின் காலடியில் விழுந்தது. கிளிஃபர்டின் வாய்வரை அந்தப் பழைய குரல் வந்துவிட்டது. ஆனால் டிரெவரின் கைகள் நடுங்குவதைப் பார்த்தார். சீட்டு விழுந்தது அதனால்தான். வந்த வார்த்தையை விழுங்கினார்.

“பரவால்ல. அள்ளி எடுங்க. எந்த வரிசையில இருந்தாலும் சரி. எந்த ஊர் நீங்க?”

“பர்ன்லி” என்றார் டிரெவர், தரையில் மண்டியிட்டுத் துழாவியபடி. “இப்ப ப்ரெஸ்டன்ல இருக்கேன். பொண்டாட்டி கீழ காருல இருக்கா. அவளுக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது. என்னவிட மோசம்.”

எதிர் வரிசைப் பெண் கைத்தடியால் சீட்டைத் தள்ளிவிட்டாள். “இந்தாப்பா, இங்க ஒண்ணு.” பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கினார்கள். பார்க்க முடியாவிட்டாலும் கேட்கலாம் அல்லவா.

“இப்ப என்ன செய்யணும்?” என்றாள் லொரைன்.

“உனக்கு என்ன தோணுது? வெட்டணும்னா வெட்டு. இன்னும் கலைக்கணும்னா கலை.”

அவள் புருவத்தை உயர்த்தி அவரைப் பார்த்தாள். இந்த மனிதர்தானா என்கிற பார்வை. பிறகு இரண்டு முறை வெட்டினாள். டிரெவர் விடாமல் மூன்று முறை வெட்டினார். தாளில் சொல்லியிருந்த அந்த ஒரு சின்னக் காரியத்தை அவர்கள் பேச்சுக்கு நடுவே கிளிஃபர்ட் செய்தார். கையால் அல்ல, வாயால். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க அவரை யாரும் பார்க்கவே இல்லை. டிரெவர் லொரைனைப் பார்த்துக்கொண்டிருந்தார். லொரைன் டிரெவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் நின்ற நாட்களில் அவர் தன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், எங்கே தப்பு வருமோ என்று. இப்போது பார்க்க அவருக்கு முகங்கள் மட்டுமே இருந்தன.

“ஆளுக்கு ஒண்ணு எடுத்தாச்சா? டிரெவர், உங்க சீட்டைத் திருப்புங்க.”

டிரெவர் திருப்பினார். மூக்கருகே கொண்டுபோனார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். “கறுப்பு. ஏதோ கறுப்பு. ஆறா? ஒன்பதா? தாயி, உங்களுக்குத் தெரியுதா?”

“எனக்கு உங்க தலையே ரெண்டாத் தெரியுது.”

அறை முழுக்கச் சிரித்தது. சொட்டு மருந்து விடாமல் அம்மாவோடு துணைக்கு வந்திருந்த ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்து, “ஏழு. கிளாவர் ஏழு” என்றாள்.

“இப்ப நீ, லொரைன்.”

லொரைன் தன் சீட்டைத் திருப்பி அந்தப் பெண்ணிடம் காட்டினாள். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“என்னம்மா? சொல்லு!” என்றார் டிரெவர்.

“ஏழு” என்றாள் அவள். “இஸ்பேட் ஏழு.”

பிறகு டிரெவர் தொடையில் அறைந்துகொண்டு போட்ட சத்தத்தில் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “நான்தான கீழ போட்டேன்! நான்தான பொறுக்கினேன்! இவரு தொடவே இல்லயே!” என்று அவர் தடவித் தடவி எல்லோரிடமும் இரண்டு சீட்டையும் நீட்டினார். கைத்தடிப் பெண் சீட்டுகளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள், விரலுக்காவது தெரியுமோ என்பதுபோல. “எனக்கும் ஒண்ணு செய்யுங்க” என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“டிரெவர் ஹாஸ்கின்?” என்றாள் நர்ஸ். “வாங்க கண்ணு, உங்க முறை.”

டிரெவர் எழுந்தார். ஜாக்கெட்டை எடுக்கவில்லை. கிளாவர் ஏழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, “இத டாக்டர்கிட்ட காட்டலாமா?” என்று கேட்டார். கிளிஃபர்ட் தலையாட்டினார்.

லொரைன் தன் சீட்டையே தடவிக்கொண்டிருந்தாள். “எப்படிச் செஞ்ச?”

கல்யாணமான புதிதில் கேட்ட கேள்வி. அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

“சொல்லட்டுமா?” என்றார். “ஒரே வரிதான்.”

அவள் சீட்டை மடியில் கவிழ்த்தாள். “வேணாம். சொல்லாத. நல்லாருக்கு இது.” அவள் விரல்கள் இப்போது சில்லென்று இல்லை. சற்று நேரத்தில் அவளைக் கூப்பிட்டபோது அவளாகவே எழுந்து போனாள்.

டிரெவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளியே வந்தார். சீட்டை இரண்டு கையாலும் கொடுத்தார். “டாக்டரம்மாகிட்ட முழுக் கதையும் சொன்னேன் தலைவா. சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஊசி போட்டு முடிச்சிட்டாங்க. ஆனா நம்பல. பொண்டாட்டியாவது நம்புவாளான்னு பாக்கணும்.”

அன்று மாலை கிளிஃபர்ட் பாதி எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். நேர்மையாகத்தான் எழுதினார். விலை அதிகம் என்று சொன்னார். அட்டைப்பெட்டி மட்டமானது, எழுத்து மிகப் பொடி, கண்ணாடி போட்டாலும் தெரியாது என்று சொன்னார். கையால் வித்தை காட்டும் பெருமை வேண்டுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம், ஏமாந்துபோவார்கள் என்றும் எழுதினார். வாசகர்கள் தாளைப் படித்ததும் ‘இவ்வளவுதானா’ என்பார்கள், தானும் அப்படித்தான் சொன்னதாக ஒத்துக்கொண்டார். அந்தத் தாளுக்கு முப்பத்தைந்து பவுண்டு தகாது, காத்திருக்கும் அறையில் நடந்ததற்கு அது குறைவு, இரண்டில் எதை வாங்கினோம் என்பது செய்து காட்டினால்தான் தெரியும் என்று முடித்தார். நான்கு நட்சத்திரம் போட்டார். கீழே தன் பெயரை எழுதினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, லொரைனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

“அந்த மதியச் சாப்பாடு வரி எங்க?” என்றாள் அவள். ஒரு கண்ணுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தாள்.

“எடுத்துட்டேன்.”

“நல்ல வரிதான். ஆனா எடுத்தது நல்லது.”

பத்திரிகை வெளியான அன்றே கிர்ஸ்டியிடமிருந்து தொலைபேசி வந்தது. “மிஸ்டர் டாட்டர்சால், நாலுன்னு அச்சுப் பிழையா வந்திருக்கா?”

“இல்ல. எழுத்தப் பெருசாப் போட்டிருந்தா அஞ்சு போட்டிருப்பேன்.”

மறுமுனையில் சிரிப்பு. அவள் நன்றி சொல்லிவிட்டு வைக்கப் போனாள்.

“இரும்மா, ஒரு சந்தேகம்” என்றார் கிளிஃபர்ட். ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் வாரம் ஒருமுறை அங்கே போவதாக ஒப்புக்கொண்டிருந்தார். சில நாளில் கடைசி ஆளாக ஒருவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பார் என்றும் நர்ஸ் சொல்லியிருந்தாள். “ரெண்டு பேர் இல்லாம, ஒரே ஒருத்தர் மட்டும் இருந்தா என்ன செய்யறது? இன்னொரு பாதிய நான் வச்சுக்கலாமா?”

“அது... அத நான் யோசிச்சதே இல்ல. நீங்க தொட்டா அப்புறம் அந்த வரி வேலை செய்யாதே.”

“நானும் அதான் யோசிக்கிறேன். வாய்ல சொல்றத மாத்தினா நடக்கும்னு தோணுது. கடைசி வெட்டுக்கு முன்னால.”

“இருங்க, இருங்க. மறுபடி சொல்லுங்க.”

அவர் மறுபடி சொன்னார். அவள் ஏதோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. “நீங்க ஃப்ளீட்வுட் வர முடியுமா சார்? கடைவீதியில ஒரு கஃபே இருக்கு. சீட்டோட உக்காந்து பாத்துடலாம். இப்பவே நான் ஃப்ரீதான்.”

கிளிஃபர்ட் கோட்டை மாட்டிக்கொண்டு, டிராம் எப்போது வரும் என்று ஜன்னல் வழியாகக் கடற்கரைச் சாலையை எட்டிப் பார்த்தார். மழை விட்டிருந்தது.

“எங்க கிளம்பிட்ட?” என்றாள் லொரைன்.

“ஒரு பொண்ணோட வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி நடந்தார்.